பதின்பருவ மனச்சோர்வு: மாணவர்களுக்கு வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம் மனச்சோர்வைப் பற்றிப் பேசப்போகும் ஆசிரியர்களும், அதற்கு அனுமதி தர வேண்டிய தலைமையாசிரியர்களும், "இதெல்லாம் பள்ளியில் தேவையா?" என்று தயங்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில கேள்விகளுக்குப் பதில் நீளம்; அங்கே பொறுமையாகப் படியுங்கள். ஒரு பிள்ளையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதாதா? ஏன் மாணவர்களுக்கே சொல்லித்தர வேண்டும்?

போதாது. ஒரு பிள்ளை உள்ளுக்குள் ஒடிந்துபோவது பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் முதலில் தெரிகிறது. "எனக்கு எதுவுமே வேண்டாம் போலிருக்கிறது" என்று இரவு பதினொரு மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி வகுப்பாசிரியருக்கு வருவதில்லை, தோழிக்கு வருகிறது. அந்தத் தோழிக்கு வயது 15. யாரும் எதுவும் சொல்லித்தராத நிலையில் அவள் என்ன செய்வாள்? "லூசு மாதிரிப் பேசாதே" என்று பேச்சை மாற்றுவாள். இல்லையென்றால் தானே காப்பாற்றிவிடலாம் என்று விடியவிடிய விழித்திருந்து அவளும் சோர்ந்துபோவாள்.

இது அனுபவத்தில் மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஸ்வீடனைச் சேர்ந்த பேராசிரியர் டனுட்டா வாசர்மன் அதற்குத் தலைமை தாங்கினார். சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். சில பள்ளிகளில் கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் அனுப்பினார்கள். இன்னும் சில பள்ளிகளில் மாணவர்களுக்கே நேரடியாகப் பாடம் நடத்தினார்கள். நடித்துப் பார்த்தல், கலந்துரையாடல், சிறு கையேடு, வகுப்பறைச் சுவரொட்டி என்று நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம்தான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மாணவர்களுக்குப் பாடம் நடத்திய பள்ளிகளில் மட்டுமே தற்கொலை முயற்சிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காகச் சுவரொட்டி மட்டும் ஒட்டிய பள்ளிகளில் 1.51 சதவீதம், இங்கே 0.70 சதவீதம். ஆசிரியர் பயிற்சி மட்டும் நடந்த பள்ளிகளில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை.

அதற்காக ஆசிரியர் தேவையில்லை என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. மாணவர் யாரிடம் வந்து சொல்வார்? அந்த ஆள் ஆயத்தமாக இல்லையென்றால் பாடமே வீண். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

உண்மையிலேயே இது அவ்வளவு பரவலாக இருக்கிறதா?

இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது தெரியவந்தது. 45 பேர் உட்காரும் ஒரு வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே மனச்சோர்வு அல்ல. பதற்றக் கோளாறும் மற்றவையும் இதில் அடக்கம். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை எடுத்துக்கொண்டு, ஏழு பேரில் ஒருவர் என்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும், உங்கள் வகுப்பில் ஒருவர்கூட இல்லை என்று நினைப்பது நியாயமான ஊகம் ஆகாது.

சாதாரண வருத்தத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

மூன்றே கேள்விகளாகச் சொல்லுங்கள். எத்தனை நாளாக? எவ்வளவு நேரம்? எதையெல்லாம் கெடுத்திருக்கிறது?

மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை இரண்டு வாரம். ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி நேரம், மனம் சோர்ந்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருப்பது அடிப்படை அறிகுறி. அதோடு தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம் ஆகியவற்றில் மாற்றம் வரும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம், தேவையில்லாத குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவையும் சேரலாம். மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்து நான்கு நாள் அழுத பிள்ளை, ஐந்தாம் நாள் கபடி ஆடப் போய்விட்டால் அது வருத்தம். நல்ல மதிப்பெண் வாங்கியும், பிடித்த ஆட்டத்துக்கும் போகாமல், மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அது வேறு.

பதின்வயதினருக்கென்று ஒன்றைக் கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவர்களிடம் மனச்சோர்வு சோகமாக வராமல் எரிச்சலாகவும் வரும். மருத்துவ வரையறையிலேயே, சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் எரிச்சலான மனநிலையைச் சோகத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. இதை அறியாததால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் "திமிர் பிடித்தவன்" என்ற பெயர்தான் மிஞ்சுகிறது.

வகுப்பறையில் அது எப்படி வெளிப்படும்? பட்டியல் போட்டுத் தர முடியுமா?

பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு மனதில் நிற்பது, அவர்கள் தினமும் பார்க்கும் காட்சிகளாகச் சொன்னால்தான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் தேதி போட்டு, தலைப்புக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு இழுத்து எழுதியிருக்கிறது. ஆகஸ்டில் கோடு இல்லை. செப்டம்பரில் தேதி இல்லை. அதன் பிறகு பாதிப் பக்கம் எழுதி, வாக்கியம் முடியாமலே நிற்கிறது. அடுத்த பக்கத்தில் வேறு பாடம் தொடங்குகிறது. நோட்டுத் திருத்தும் ஆசிரியர் "முழுமையாக எழுதவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த நோட்டுக்கு உரியவளைக் கேட்டால், "போர்டில் இருப்பதைப் பார்த்து எழுத ஆரம்பிப்பேன், பாதியில் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியாது" என்பாள். கவனம் சிதறுவது என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது கண்ணுக்குத் தெரியும் விதம் இதுதான்.

மதிய உணவு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே மூடிக்கொண்டு போவது, விளையாட்டுப் பாடவேளையில் தலைவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுவது, திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று விடுப்பு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து சொல்லாமல் விலகுவது, எப்போதும் சிரிக்க வைக்கும் பையன் ஒரு மாதமாக வாயே திறக்காமல் இருப்பது, அடிதடி பழக்கமே இல்லாதவன் திடீரென்று கைநீட்டுவது. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஆளும் இப்போதைய ஆளும் வேறு வேறாகத் தெரிகிறார்களா என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்கப் பழக வேண்டும். அதைச் சக மாணவர் அளவுக்குத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது.

தலைவலி, வயிற்றுவலி என்று வருபவர்களை "நடிப்பு" என்று ஒதுக்காதீர்கள். நம் ஊரில் மனம் படும் பாட்டைச் சொல்லப் பல பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே மொழி உடம்பின் மொழிதான்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் வருமா?

வரும். முதல் மதிப்பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டே உள்ளே கரைந்துபோகும் பிள்ளைகள் உண்டு. மதிப்பெண் பட்டியலைப் பார்த்து யாரையும் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

தற்கொலையைப் பற்றி வகுப்பில் பேசினால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடாதா?

எல்லாத் தலைமையாசிரியர்களும் கேட்கும் கேள்வி இது. பயம் நியாயமானது, ஆனால் உண்மை வேறாக இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரிடம் மட்டும் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேள்வி சற்று ஆறுதலாகவே அமைந்திருந்தது.

ஆனால் எப்படிப் பேசுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இறந்தவர்களின் கதையை உருக்கமாகச் சொல்வது, எப்படி இறந்தார்கள் என்று விவரிப்பது, "இந்த ஒரு காரணத்தால்தான்" என்று முடிச்சுப் போடுவது, இவை மூன்றும் கூடவே கூடாது. உதவி கேட்டு மீண்டு வந்தவர்களைப் பற்றிப் பேசுங்கள். யாரிடம் போகலாம் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

வகுப்பில் சரியாக என்ன சொல்லிக்கொடுப்பது?

இது மருத்துவம் செய்யப் பழக்கும் வகுப்பு அல்ல. கவனிப்பது, முகம் கொடுத்துக் கேட்பது, நம்பகமான பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆகிய மூன்றையும் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் போதும். முதலாவதை மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவதுதான் கடினம்; அதை விரிவுரையாகச் சொன்னால் யாருக்கும் வராது. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வைத்துப் பேசிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

முதலில் தவறாகப் பேச வைப்பேன். "இதற்கெல்லாமா கவலைப்படுவாய்? உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!" என்று ஒருவர் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் அதைக் கேட்டுவிட்டு என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும். "வாயை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது" என்ற பதில் ஏதாவது ஒரு மூலையிலிருந்து கட்டாயம் வரும். அதன் பிறகு மாற்றிப் பேசிப் பார்ப்போம்:

"பத்து நாளாக நீ கேன்டீன் பக்கமே வரவில்லை. என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. ஏதாவது மனதைப் போட்டு அழுத்துகிறதா?"

"ஒன்றும் இல்லை."

"சரி. இப்போது சொல்ல வேண்டாம். பஸ் நிறுத்தம் வரை கூட வருகிறேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை."

"கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறதா?"

இந்தக் கடைசிக் கேள்வியை வாய்விட்டுச் சொல்ல முதல் முறை பலருக்கும் நாக்கு எழாது. வகுப்பே அமைதியாகிவிடும். அதற்காகத்தான் ஒத்திகை. வகுப்பறையில் ஒருமுறை சொல்லிப் பழகியவருக்கு, உண்மையாகத் தேவைப்படும்போது வார்த்தை கிடைக்கும். "ஆமாம்" என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதையும் அதே வகுப்பில் பழக்க வேண்டும்: தனியாக விடாதே, திட்டாதே, புத்திமதி சொல்லாதே, "நாம் இருவரும் சேர்ந்து போய் டீச்சரிடம் சொல்லலாம், நான் கூடவே இருக்கிறேன்" என்று சொல்.

நடிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்தவர்களையும், நீங்கள் ஏற்கெனவே கவலைப்படும் பிள்ளைகளையும் சோர்ந்தவராக நடிக்க வைக்காதீர்கள். யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வெளியே ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

பசங்க சிரிப்பார்களே?

முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள். கூச்சம்தான் காரணம். அதட்டாமல் விட்டால் அடங்கிவிடும். சிரிப்பு ஒரு பிள்ளையைக் குறிவைத்துப் போனால் மட்டும் உடனே நிறுத்துங்கள். "மென்டல்", "பைத்தியம்" என்று ஒருவரையொருவர் கூப்பிடும் பழக்கத்தைப் பற்றி அந்த இடத்திலேயே பேசிவிடலாம்.

"யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்" என்று நண்பன் கேட்டால் மாணவர் என்ன செய்வது?

பதின்வயதில் நட்பைவிடப் பெரியது எதுவும் இல்லை. சத்தியத்தை மீறுவது அவர்களுக்குத் துரோகம். ஆகவே "சத்தியத்தை மீறலாம், பரவாயில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு வகை ரகசியங்கள் உண்டு என்று சொல்லுங்கள். யாரைப் பிடிக்கும், வீட்டில் என்ன சண்டை, எந்தப் பாடத்தில் தோற்றேன் என்பவை நண்பனிடம் பத்திரமாக இருக்க வேண்டியவை. உயிருக்கு ஆபத்து வரும் என்றாலோ, யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்றாலோ அந்த ரகசியத்தைத் தனியாகச் சுமக்கும் வயது 15 இல்லை.

சொல்லும் முறையும் முக்கியம். முதலிலேயே சத்தியம் செய்துவிடாமல், "நீ சொல்வது உன் உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், மற்றபடி வாய் திறக்கமாட்டேன்" என்று சொல்லப் பழக்கலாம். ஏற்கெனவே சத்தியம் செய்துவிட்டவருக்கு, "உன்னிடம் கோபித்துக்கொண்டாலும் அவன் உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்" என்பதுதான் பதில். இதைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்ட பிள்ளைகள் எந்த வகுப்பிலும் ஓரிருவர் இருப்பார்கள். வகுப்பு முடிந்ததும் அவர்களைத் தேடிப் போங்கள்.

மாணவர் யாரிடம் வந்து சொல்வது?

பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. பள்ளியில் குறைந்தது இரண்டு பெரியவர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், "எங்களிடம் வரலாம்" என்று பெயர் சொல்லி அறிவிக்கப்பட வேண்டும். அவர்கள் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நூலகரோ ஆய்வக உதவியாளரோ விடுதிக் காப்பாளரோ பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருந்தால் அவர்களே பொருத்தம். யாரிடம் சொல்வார்கள் என்று பிள்ளைகளையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வரும் பெயர்கள் உங்களுக்கு வியப்பைத் தரலாம்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த ஆய்வு இங்கே மிகவும் பொருந்தும். பேராசிரியர் விக்ரம் படேலின் குழுவினர் நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2018இன் இறுதியில் வந்தது. பெட்டியில் பிரச்சினையை எழுதிப் போடுவது, சுவர் இதழ், மாணவர் குழுக்கள், தனி ஆலோசனை எல்லாம் அதில் இருந்தன. உள்ளூரிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட, மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத ஆலோசகர்கள் இதை நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு அறிகுறிகளும் ராகிங் போன்ற கொடுமைகளும் குறைந்தன, பள்ளிச் சூழலே மாறியது. அதே வேலையை ஏற்கெனவே பாடச் சுமையில் இருந்த ஆசிரியர்களிடம் கொடுத்த பள்ளிகளில் பலன் இல்லை. இதை ஆசிரியர்கள் மீதான குறையாக நான் பார்க்கவில்லை. ஆறு பாடவேளை எடுத்து, 'எமிஸ்' என்ற கல்வித் துறை இணையதளப் பதிவேற்றமும் முடித்து, தேர்தல் பணிக்கும் போகும் ஒருவரிடம் இதையும் தூக்கிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கான பதில் அது. பொறுப்பேற்கும் இருவருக்கும் வாரத்தில் சில பாடவேளைகளைக் கட்டாயம் ஒதுக்கிக் கொடுங்கள். கதவு மூடக்கூடிய ஓர் அறையும் கொடுங்கள்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட நம் பள்ளிகளில் இருக்கும் 'மாணவர் மனசு' பெட்டியைத் திறக்காமலே தூசி படிய விடுவது, பெட்டி வைக்காததைவிட மோசம். எழுதிப் போட்டவர் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

ஒரு மாணவர் வந்து சொன்னால், அந்த ஆசிரியர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். நன்றி சொல்லுங்கள், நண்பனுக்காக வந்தவருக்கும் சரி, தனக்காக வந்தவருக்கும் சரி. "நாளைக்குப் பேசலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உயிர் ஆபத்து உண்டா என்பதை நேரடியாகக் கேளுங்கள். எண்ணம் மட்டுமா, எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா? யோசித்து வைத்திருந்தால் அந்தப் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. பெற்றோர் வந்து சேரும்வரை யாராவது கூட இருக்க வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றைப் பூட்டி வைக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், கட்டணம் கிடையாது.

யாரோடு பேசுவது என்று தெரியாத நேரத்தில் 14416ஐ அழையுங்கள். 'டெலி மானஸ்' என்ற இந்த மத்திய அரசுச் சேவை 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104, பள்ளிக் கல்வித் துறையின் 14417, சிறார் உதவிக்கு 1098 ஆகியவையும் இருக்கின்றன. எண்களை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதோடு, கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடிகிற இடம் பள்ளியில் அது ஒன்றுதான்.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் மருத்துவரிடம் போக மறுத்தால்?

தொலைபேசியில் சொல்ல வேண்டாம். நேரில் வரச் சொல்லுங்கள், முடிந்தால் இருவரையும். "உங்கள் பெண்ணுக்கு மனநோய்" என்று தொடங்கினால் அங்கேயே கதவு சாத்தப்பட்டுவிடும். "மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்கிறாள், உடம்பு இளைத்திருக்கிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள்" என்று அவர்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள். அம்மாக்கள் பெரும்பாலும் கவனித்திருப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைக்காமல் இருந்திருப்பார்கள்.

கண் பட்டுவிட்டது, காத்துக் கருப்பு, கோயிலுக்குக் கூட்டிப் போகிறோம் என்பார்கள். அதை எதிர்த்து வாதம் செய்து ஜெயிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. "கோயிலுக்கும் போங்கள், அதற்கு முன் நாளைக் காலை டாக்டரையும் பார்த்துவிடுங்கள், நான் கூட வருகிறேன்" என்று சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். பெண் பிள்ளை என்றால், "நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது..." என்ற பயம் பின்னால் நிற்கும். யார் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆசிரியர் ஓய்வறையில் அந்தப் பிள்ளையின் பெயர் பேசப்படக் கூடாது.

வீடுதான் பிரச்சினை என்றால் வழி வேறு. பாலியல் தொல்லை என்று தெரிந்தாலோ சந்தேகம் எழுந்தாலோ, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். மறைப்பது குற்றம். முதலில் வீட்டாரை அழைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள். பிள்ளை மாலையில் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களா? வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே முதலில் தரப்படும். கடுமையாக இருந்தால் மருந்தும் சேரும். அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரிடம் நடந்து, 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் 12 வாரங்களில் நன்கு தேறினார்கள். மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதம்தான். இந்த மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடங்கிய முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே 2004இல் எச்சரித்தது. அதனால்தான் அந்த நாட்களில் மருத்துவரை அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

எல்லா மாணவருக்கும் கேள்வித்தாள் கொடுத்துக் கண்டுபிடித்துவிடலாமே?

கண்டுபிடித்த பிறகு அனுப்ப இடம் இருந்தால் செய்யலாம். 600 பேருக்குக் கொடுத்து 50 பேர் என்று வந்தால், அந்த வாரமே 50 பேரோடும் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் தொடாதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறது" என்று டிக் அடித்துக் கொடுத்த தாள் அலமாரியில் கிடப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

தியானம், நிகழ்கணத்தில் கவனம் வைக்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' பயிற்சி என்று எல்லோருக்கும் நடத்துகிறோமே, போதாதா?

பிள்ளைகளுக்குப் பிடித்தால் நடத்துங்கள். மனச்சோர்வைத் தடுக்கும் என்று மட்டும் நம்பி உட்காராதீர்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட 11–13 வயது மாணவர்களை வைத்து, சில பள்ளிகளில் மட்டும் ஆசிரியர்கள் வழியே இத்தகைய பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவில், வழக்கமான வகுப்புகளைவிட எந்தக் கூடுதல் பலனும் தெரியவில்லை.

தேர்வு முடிவு நாட்களில் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம். பொதுத்தேர்வு முடிவு, நீட் முடிவு வரும் நாட்களுக்கு முன்பே பட்டியல் தயாராக இருக்க வேண்டும். யாரைப் பற்றிக் கவலை, யார் அவரைக் கூப்பிடுவார் என்று. முடிவு வந்த அன்று காலை பத்து மணிக்கு முதல் அழைப்பு, முதல் மதிப்பெண் எடுத்தவருக்குப் போகாமல் இந்தப் பிள்ளைகளுக்குப் போகட்டும். மாணவர்களையும் இதில் சேருங்கள். தோற்றவன் வீட்டுக்கு அன்று மாலை நண்பர்கள் இருவர் போய் உட்கார்ந்தாலே போதும். தோற்றவர்கள் அந்த ஆண்டே எழுதத் தமிழ்நாட்டில் துணைத் தேர்வு இருக்கிறது. இந்த வசதி வர வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில், 1986இல் சென்னையில் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். விண்ணப்பிக்கும் தேதியை முடிவு வருவதற்கு முன்பே வகுப்பில் சொல்லிவைப்பது ஒரு கோழைத்தனமும் இல்லை, அபசகுனமும் இல்லை.

தற்கொலைக்கு முயன்ற மாணவர் மீது போலீஸ் வழக்கு வருமா?

பயப்பட வேண்டாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஒரு மாணவரை இழந்துவிட்டால்?

மறுநாளே பள்ளி திறந்திருக்க வேண்டும். வகுப்பு வகுப்பாக, தெரிந்த ஆசிரியர் போய், உண்மையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எப்படி என்ற விவரம் வேண்டாம். பெரிய பேனர், மேடை, வீரவணக்கம் எதுவும் வேண்டாம். வேதனையில் இருக்கும் மற்றொரு பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நெருங்கிய நண்பர்கள், கடைசியாகப் பேசியவர், சண்டை போட்டவர், அதே நிலையில் ஏற்கெனவே இருப்பவர் ஆகியோரைத் தனித்தனியாகப் பாருங்கள். "எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை" என்று ஒரு பிள்ளை அழலாம். இது எந்தச் சிறுவரின் குற்றமும் அல்ல என்பதை அந்தப் பிள்ளையிடம் பல நாள், பல முறை சொல்ல வேண்டியிருக்கும்.

சிகிச்சை பெற்றுத் திரும்பி வரும் மாணவரை வகுப்பு எப்படி எதிர்கொள்வது?

வகுப்பில் அறிவிப்பு எதுவும் வேண்டாம். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை அந்தப் பிள்ளையிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "உடம்பு சரியில்லை" என்று சொல்லச் சொன்னால் அதையே எல்லோரும் சொல்லுங்கள். நெருங்கிய நண்பர்களிடம், "எப்படி இருக்கிறாய்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டாம், பழையபடி மதிய உணவுக்குக் கூப்பிடுங்கள், விடுபட்ட நோட்டைக் கொடுங்கள் என்று சொன்னால் போதும்.

மற்றது பள்ளியின் வேலை. விடுபட்ட ரெக்கார்டு நோட்டுக்கும் அகமதிப்பீட்டுக்கும் புதுத் தேதி கொடுங்கள். மருந்தால் காலையில் மந்தமாக இருந்தால் முதல் பாடவேளையில் எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள். வருகை குறைவுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டால், அதில் என்ன நோய் என்று எழுதியிருக்கிறது என்பதை அலுவலகத்தில் ஒருவர் மட்டும் பார்க்கட்டும். மருத்துவர் மறுபடி வரச் சொன்ன தேதியில் வகுப்புத் தேர்வு வந்தால், தேர்வைத் தள்ளி வையுங்கள்.